பெருச்சாளியும் பில்பியும்

லேக் கார்டன்சில் மழைக்கால இரவுகளில், சாக்கடையோரம் ஓடும் பருத்த எலியை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழில் அது பெருச்சாளி. தெலுங்கில் பந்திகொக்கு, 'பன்றியெலி' என்பது பொருள். சினந்தால் பன்றியைப் போல உறுமவும் செய்யும். இத்தெலுங்குச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் 'பாண்டிகூட்' எனத் திரிந்தது. கொல்கத்தாவில் மிகுந்து வாழும் சிறிய வகையின் அறிவியற்பெயர் 'பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்'. தெலுங்கும் வங்கமும் ஒரே பெயரில் இணைந்திருப்பதை நோக்குக!

பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், நீண்ட மூக்கால் மோப்பம் பிடித்து மண்ணைத் தோண்டும் ஒரு சிறு விலங்கைக் கண்டனர். இந்தியாவில் வழங்கிய அதே பெயரை அதற்கும் இட்டுவிட்டனர். ஆனால் அது எலியினம் அன்று. கங்காருவைப் போல வயிற்றுப்பையுடைய பாலூட்டி.

இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவது? முதலில் பற்களைப் பார்க்கவேண்டும். பெருச்சாளிக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு உளிப்பற்களே உண்டு. அவை வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆஸ்திரேலிய விலங்கிற்கோ பூச்சிகளையும் புழுக்களையும் கடித்துண்ண ஏற்ற சிறு முன்பற்கள் பல உள்ளன. பிறப்பு இன்னும் வியப்பானது. பெருச்சாளிக்குட்டி தாயின் கருப்பையில் ஏறத்தாழ மூன்று வாரம் வளர்கிறது. நீள்மூக்குப் பாண்டிகூட்டின் குட்டியோ 12 நாள் கடந்ததும் பிறந்துவிடும்! விரல்நுனி அளவேயான அக்குட்டி, ஊர்ந்து சென்று தாயின் பைக்குள் புகுந்து, முலைக்காம்பைப் பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 50 நாள் அங்கேயே வளரும். கங்காருவின் பை முன்புறமாகத் திறக்கும். இதன் பை பின்புறமாகத் திறக்கும். தாய் நிலத்தைத் தோண்டுகையில் குட்டியின்மேல் மண் விழாது அன்றோ?

பில்பி இவ்வினத்திற்கு நெருங்கிய உறவு. முயலின் காதுகளைப் போன்ற நீண்ட காதுகள் உடையது. பாலைநிலத்தில் ஆழமான வளைகளில் வாழ்வது. முன்னர் இருவகைப் பில்பிகள் இருந்தன. சிறியது அழிந்துவிட்டது. பெரியதும் குடியேறியோர் கொண்டுவந்த நரி, பூனை ஆகியவற்றுக்கு இரையாகி அருகிவருகிறது. அதனால் ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் திருநாளன்று, முயலுக்கு மாற்றாகப் பில்பி வடிவச் சாக்லேட்டுகளும் விற்கப்படுகின்றன.

பயிற்சி

1. மூஞ்சூறும் எலி அன்று. அதன் உணவையும் மூக்கின் வடிவையும் அறிந்து, காரணம் எழுதுக.

2. தமிழ், வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் எலிவகைகளுக்கு வழங்கும் பெயர்களை வீட்டாரிடமும் தோழர்களிடமும் கேட்டுத் தொகுக்க.