யார் கையில், எத்தனை நாளாக?

கேள்வி: திண்டிவனத்தில் தலைமை அலுவலகம், விழுப்புரத்தில் கிளை. விவசாயிகளுக்கு மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துத் தருகிறோம். ஆவணம் வாங்குவது, நிலம் அளப்பது, குழாய் பதிப்பது, கூட்டாய்வு என எல்லா வேலைகளையும் போன வருடம் ஒரு மென்பொருளில் ஏற்றினோம். திங்கட்கிழமைதோறும் 'யாரிடம் எத்தனை நிலுவை' என்று அறிக்கை எடுக்கிறேன். விழுப்புரத்தில் ஆவணம் பார்க்கும் பெண்ணின் பெயரில் எப்போதும் பதினான்கு, பதினைந்து நிற்கிறது. "பாதிக்கு மேல தாலுகா ஆபீஸ் சான்றுக்காக நிக்குது சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று போன வாரம் அழுதேவிட்டார். போதாததற்கு, அளவு எடுப்பவர் ஒருவரைத் திண்டிவனத்துக்கு மாற்றியதும் அவருடைய பழைய தாமதமெல்லாம் புதிதாக வந்தவர் கணக்கில் ஏறிவிட்டது. அறிக்கையை எப்படி எடுத்தால் நியாயமாக இருக்கும்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முதல் வேலையாக, அந்தப் பெண்ணிடம் 'நீ சொன்னது சரிதான்' என்று சொல்லிவிடுங்கள். இந்த நிமிடம் வேலை யார் பெயரில் நிற்கிறது என்பதை மட்டுமே உங்கள் அறிக்கை காட்டுகிறது. அது எந்தத் தேதியில் அவர் கைக்கு வந்தது, இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்ற இரண்டும் அதில் இல்லை. இவை இல்லாத எண்ணிக்கையை வைத்து யாரையும் கேள்வி கேட்கக் கூடாது.

இதற்கான வழி நம் அரசு அலுவலகங்களில் பல காலமாகவே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கிய நடைமுறையில் ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு. கடிதம் கைக்கு வந்த தேதி, அதிகாரிக்கு வைத்த தேதி, திரும்பிய தேதி, வெளியே யாருக்கு எழுதப்பட்டது, பதில் எப்போது வந்தது, எப்போது முடிந்தது என எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. அரசுக் கடிதங்களில் ந.க. எண்ணோடு 'அ1', 'ஆ2' என்று பார்த்திருப்பீர்கள். அது ஆளின் பெயர் கிடையாது, இருக்கையின் அடையாளம். ஆள் மாறினாலும் கோப்பு இருக்கையிலேயே இருக்கும். எந்தத் தேதிவரை யார் அந்த இருக்கையில் இருந்தார் என்பதைப் பொறுப்பு ஒப்படைத்த நாள் சொல்லிவிடும்.

உங்கள் மென்பொருளிலும் இதையே செய்யலாம். வேலையை 'விழுப்புரம் ஆவணம்' என்ற இருக்கைக்குக் கொடுங்கள். அந்த இருக்கையில் இருப்பவர் பெயரைத் தேதியோடு தனியாக எழுதுங்கள். 'விழுப்புரம் டீம்' என்று பொதுவாகக் கொடுக்க வேண்டாம். நாலு பேர் பெயரில் இருக்கும் வேலையை நாலு பேருமே தொடமாட்டார்கள். அடுத்து, 'வெளியே காத்திருப்பு' என்று ஒரு நிலையைச் சேருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் யாருக்காக, அடுத்து என்றைக்கு விசாரிக்க வேண்டும் என்ற இரண்டையும் நிரப்பியே தீர வேண்டும்.

ஒரு விண்ணப்பத்தை வைத்துப் பார்ப்போம். விவசாயி ஜூன் 3 அன்று சிட்டா, அடங்கல் கொண்டுவந்து கொடுக்கிறார். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்பதால், சிறு, குறு விவசாயி சான்று இல்லாமல் அவருடைய மனு நகராது. சான்று இல்லை என்று ஜூன் 4 அன்று ஆவண இருக்கை கண்டு சொல்கிறது. வட்டாட்சியர் சான்று ஜூன் 19 அன்று வருகிறது. ஜூன் 20 அன்று மனு அளவு எடுப்பவர் கைக்குப் போகிறது. ஜூலை 1 அன்று அளவு முடிகிறது. ஆக 28 நாள். உங்கள் இப்போதைய அறிக்கையை ஜூன் 18 அன்று எடுத்தால் '15 நாளாக ஆவணப் பிரிவில் நிலுவை' என்று வரும். தேதிவாரியாகப் பிரித்தால் ஆவண இருக்கை எடுத்துக்கொண்டது 2 நாள், வெளியே காத்தது 15 நாள், அளவு இருக்கையில் இருந்தது 11 நாள். நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த 11 நாளைத்தான். வண்டி இல்லையா, ஒரே ஆளுக்கு இரண்டு தாலுகாவா, வயலில் தண்ணீர் நின்றதா என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கு, வேலை கைமாறிய வரலாற்றுப் பதிவிலிருந்துதான் கிடைக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் அது தானாகவே பதிவாகிறது. அறிக்கையை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மாற்றலாகிப் போனவரின் தாமதம் அவர் காலத்திலேயே நிற்கும், புதியவருக்கு அவர் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு ஓடும்.

ஒரு எச்சரிக்கை. 'வெளியே காத்திருப்பு' என்று போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஆகிவிடக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் 2005 இதில் நல்ல பாடம். பொதுத் தகவல் அலுவலர் வேறொரு அலுவலரின் உதவியைக் கேட்டால், சட்டத்தை மீறினால் எழும் பொறுப்பில் அந்த அலுவலரும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார் என்கிறது பிரிவு 5(5). உங்கள் அலுவலகத்திலும் கேட்டவர், கேட்கப்பட்டவர் இரண்டு பெயரும் தெரிய வேண்டும். சான்று தருவது தாலுகா அலுவலகம். விவசாயிக்கு போன் போட்டு நினைவூட்டுவது ஆவண இருக்கை. விசாரிக்கும் தேதி தாண்டியும் விசாரிக்கவில்லை என்றால் மட்டும் அது ஆவண இருக்கையின் தாமதம்.

புது அறிக்கை வந்ததும் உடனே கூட்டத்தில் வைக்காதீர்கள். விழுப்புரம் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து விண்ணப்பங்களின் தேதிகளை அவரோடு சேர்ந்து சரிபாருங்கள். அவர் 'ஆமாம் சார், இப்படித்தான் நடந்துச்சு' என்று சொன்ன பிறகு மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.