மணற்பாங்கான தோட்டக்கால்களில் மூடாக்கு இடும் முறை

திருக்கோவிலூர் வட்டத்தில் தென்பெண்ணையாற்றை அடுத்த கிராமங்களில் மணற்பாங்கான தோட்டக்கால்கள் பல உள. முன்னர் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993-ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019-ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வட்டத்தில், கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய் முதலிய பயிர்கள் இத்தகைய நிலங்களிற் சாகுபடி செய்யப்படுகின்றன. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையால், டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆறு கரைபுரண்டு பாய்ந்ததில் ஆற்றோர வயல்கள் பலவற்றில் மணல் படிந்தது. ஆகவே, முன்பு மணல் நிலத்தைப் பற்றிக் கவலை கொள்ளாதிருந்த விவசாயிகளில் சிலரும் இன்று அதன் இயல்பை அறிந்து நடக்க வேண்டியவராயினர்.

மணல் நிலத்தில் காய்கறி பயிரிடுவோர்க்கு நேரும் முதற் சங்கடம் சித்திரை, வைகாசி மாதங்களில் தோன்றுகிறது. கிணற்றில் ஊற்றுக் குறைகிறது. பாத்தியோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் கேட்கிறது. பூவும் பிஞ்சும் நிறைந்த தறுவாயில் ஒரு தண்ணீர் தவறினால், அதுவரை இட்ட எருவும் கூலியும் வீணாகும். இந்நஷ்டத்தைக் குறைப்பதற்குச் செலவு சுருங்கிய உபாயம் பாத்திகளுக்கு மூடாக்கு இடுதலாகும். எனினும், கைக்கு அகப்பட்ட குப்பையை அகப்பட்ட வேளையில் பரப்பிவிடுவதனால் மாத்திரம் பலன் கிட்டாது. மூடாக்கு நீரை உண்டாக்குவதில்லை. நிலத்தில் ஏற்கெனவே உள்ள நீரையே காக்கிறது. ஆதலால் எப்பொருளை, எப்போது, எவ்வளவு கனத்தில் இடுவது என்பதை அறிந்து செய்தல் அவசியம்.

மணல் நிலத்தின் இயல்பு

மணற்பருக்கைகள் பெரியவை, அவற்றின் இடையே உள்ள துளைகளும் பெரியவை. பாய்ச்சிய நீர் அத்துளைகளின் வழியே விரைவிற் கீழிறங்கிவிடுகிறது. ஓர் அடி ஆழமுள்ள மணல், பயிர் உறிஞ்சத்தக்க நீரை ஏறக்குறைய ஓர் அங்குலமோ அதற்குக் குறைவாகவோதான் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். நல்ல வண்டல் கலந்த நிலம் அதைப்போல் இரு மடங்கு நிறுத்தும். கீழிறங்கும் நீருடன் தழைச்சத்தும் கரைந்து செல்கிறது. மேலும், கோடை நடுப்பகலில் வெறும் மணலின் மேற்பரப்பு 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். காய்கறிப் பயிர்கள் உணவு கொள்ளும் சல்லிவேர்களில் மிகுதியானவை மேலுள்ள சில அங்குலங்களிலேயே பரவியிருப்பதால், இவ்வுஷ்ணம் அவற்றைக் கருக்கிவிடுகிறது.

கொத்திக் கிளறிப் புழுதியையே மூடாக்காக விடும் வழக்கம் களிமண் நிலங்களில் வெடிப்பை மூடுவதற்கு உதவும். மணலிலோ மேற்பரப்பு தானாகவே உதிர்ந்து கிடப்பதால், அடிக்கடி கொத்துவதிற் புதிய லாபம் சிறிதே. காற்றில் மணல் பறந்து இளங்கன்றுகளின் தண்டை அராவுவதும் உண்டு. தழை, சருகு, தோகை போன்ற மக்கும் பொருள்களைப் போர்த்துவதே இந்நிலத்திற்கு ஏற்றது. அவை வெயிலை மறைத்து, காற்றைத் தடுத்து, களையை அடக்குகின்றன. பிறகு மெல்ல மக்கி மண்ணிற் கலந்து, மணல் நீரைப் பிடித்துவைக்கும் சக்தியையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விருத்தி செய்கின்றன. கீழே இறங்கிப்போகும் நீரை மூடாக்கு நேரே தடுக்காது. அக்குறை மக்குப்பொருள் சேரச் சேரவே நீங்கும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

கரும்புத் தோகை: மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள இப்பகுதியில், கரும்பு வெட்டிய வயல்களில் தோகை ஏராளமாகக் கிடைக்கும். அதைத் தீயிட்டுக் கொளுத்துவது பெருநஷ்டமாகும். தோகை மெதுவாகவே மக்குவதால் ஒரு பருவம் முழுவதும் நிற்கும். முழு நீளத்துடன் இடாமல், ஒரு முழத்திற்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கி இடுவது உசிதம். கரையான் உள்ள நிலங்களில் உலர்ந்த தோகையைத் தவிர்க்க வேண்டும்.

வைக்கோல்: மாட்டிற்குத் தீவனமாகும் வைக்கோலை மண்ணில் இடுதல் சிக்கனமன்று. மாடு தின்று கழித்த கூளமும், போரின் அடியில் நனைந்து கறுத்துப்போன வைக்கோலுமே மூடாக்கிற்குப் போதியவை. அவற்றில் நெல்மணியோ களைவிதையோ இருந்தால் உதறி நீக்கிவிட வேண்டும்.

பசுந்தழை: கொளிஞ்சி, புங்கு, வேம்பு, ஆவாரை, கிளைரிசிடியா முதலியவற்றின் தழை விரைவில் மக்கிப் பயிருக்கு உணவாகும். ஆனால் சில வாரங்களுக்குள் கரைந்துவிடுவதால், தனியே இட்டால் கோடை முழுவதும் காவாது. அடியில் பசுந்தழையும் அதன்மேல் தோகையோ சருகோ இட்டால் இரண்டின் பலனும் கிட்டும். கொளிஞ்சி மணலிலும் செழிப்பாய் வளர்வதாதலின், வரப்போரங்களிலும் தரிசிலும் அதை விதைத்துவைப்பது நன்று. கல்வராயன் மலைக் காப்புக்காடுகளிலிருந்து வனத்துறையின் அனுமதியின்றித் தழை கொணர்தல் சட்டவிரோதமென்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மணிலாக்கொட்டைத் தோல்: உடைப்பு ஆலைகளில் இது மலிவாகக் கிடைக்கும்; இலேசானது, பரப்புவதற்கு எளிது. ஆனால் தண்டழுகல் நோய் கண்ட வயலின் காயிலிருந்து வந்த தோலில் அந்நோயின் பூசண வித்து ஒட்டியிருக்கக்கூடும். அதே நோய் கத்தரி, மிளகாய், தக்காளிகளையும் தாக்கும். ஆதலின் இப்பயிர்களின் பாத்திகளில் இத்தோலைப் பச்சையாக இடாமல், எருக்குழியிற் போட்டு நன்கு மக்கவைத்த பின்னரே உபயோகிக்க வேண்டும்.

தென்னை நார்க்கழிவு: தன் எடையைப்போற் பன்மடங்கு நீரைப் பிடிக்கவல்லது, மணலுக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் பச்சைக் கழிவில் கரிச்சத்தின் அளவு தழைச்சத்தைப்போல் 100 மடங்குக்கும் மேலாக இருப்பதால், அப்படியே இட்டாற் பயிர் மஞ்சளிக்கும். ஒரு டன் கழிவிற்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் குறையாமல் மக்கவைத்து உபயோகிக்க வேண்டும்.

நெல் உமி: காற்றிற் பறக்கும், தனியே இடத் தகாது. மக்கிய எருவுடன் கலந்து நாற்றங்கால்களுக்கு மெல்லிதாய்த் தூவலாம்.

ஆகாயத்தாமரை: ஏரி, குளங்களிலிருந்து வாரி எறியப்படும் இதனைப் பூக்குமுன் எடுத்து, கரையில் நன்றாய் உலர்த்தி இட்டால் நல்ல மூடாக்காகும். பூத்து விதை பிடித்ததை இடுதல் கூடாது.

பிளாஸ்டிக் தாள்: 25 முதல் 30 மைக்ரான் கனமுள்ள தாள்கள் தர்பூசணி முதலிய பயிர்களுக்குச் சொட்டுநீர்க் குழாயுடன் சேர்த்து விரிக்கப்படுகின்றன. களையை அடக்குவதிலும் ஈரத்தைக் காப்பதிலும் அவை சிறந்தவையே. ஆனால் மணலுக்கு மிகவும் தேவையான மக்குப்பொருளை அவை ஒரு சிறிதும் தருவதில்லை. அறுவடையானதும் துணுக்கு விடாமற் சுருட்டி அகற்றாவிடில் நிலம் கெடும். அத்தாள்களை விரிப்போர் அடியுரமாகத் தொழு எருவை வழக்கத்தினும் மிகுதியாக இட வேண்டும்.

இடுவதற்குரிய காலம்

உலர்ந்த மணலின்மேல் மூடாக்கு இடுதலே பலரும் செய்யும் தவறு. உலர்ந்த மண்ணைப் போர்த்தினால் அது உலர்ந்தே கிடக்கும்; பின்னர் பெய்யும் சிறு தூறலையும் மூடாக்கே குடித்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் மண் ஆழம்வரை நனைந்திருக்கும் சமயமே போர்த்துவதற்கு உத்தமமான காலம். தைப்பட்டத்து நாற்றுகள் நட்டு வேர்பிடித்து, ஒரு சாண் உயர்ந்ததும், களை கொத்தி எடுத்துவிட்டு, நிறைவாக ஒரு தண்ணீர் பாய்ச்சி, மறுநாட் காலையில் மூடாக்கு இடலாம். நேரே விதைத்த வெண்டை, கொத்தவரை முதலியவற்றிற்கு முளை நன்றாக வெளிவந்த பின்னரே இட வேண்டும்.

இடும் முறையும் அளவும்

முதலில் 100 சதுர அடிக்கு 2 கிலோ வீதம் வேப்பம் பிண்ணாக்கைத் தூவி மேலாகக் கிளறிவிட வேண்டும். காய்ந்த தோகையும் வைக்கோலும் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்ளும். பிண்ணாக்கு அக்குறையை ஈடுசெய்வதுடன் கரையானையும் ஓரளவு விலக்கும். காய்ந்த பொருளை மண்ணுக்குள் புதைத்தால் இக்குறை கடுமையாகும். மேற்பரப்பிற் பரப்புவதே போதுமானது.

நறுக்கிய தோகை, சருகு, கூளம் ஆகியவற்றை 3 அங்குல கனத்திற்குப் பரப்ப வேண்டும். மக்கிய நார்க்கழிவு போன்ற நுண்ணிய பொருளானால் 2 அங்குலம் போதும். 2 அங்குலத்திற்குக் குறைந்த தோகையினூடே வெயிலும் களையும் புகும். 4 அங்குலத்திற்கு மேற்பட்டாலோ இலேசான மழை மண்ணைச் சேராது. 30 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு 3 அங்குல கனத்திற்கு 30 கன அடிப் பொருள் தேவை; ஒரு சென்ட் முழுவதும் போர்த்துவதற்கு ஏறக்குறைய 109 கன அடி வேண்டும். வண்டியின் உட்கூட்டை அளந்து கணக்கிட்டுக்கொண்டால், பொருள் பாதியிற் குறைந்துபோகும் தொல்லை நேராது. முழுத் தோட்டத்திற்கும் போதாவிடில், எல்லாப் பாத்திகளிலும் மெல்லிதாய்ப் பரப்புவதைவிடக் கிணற்றிற்குத் தொலைவிலுள்ள பாத்திகளையும் நீண்ட நாள் காய்க்கும் பயிர்களையும் முதலிற் போர்த்துவது நன்று.

செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை வெற்றிடம் விட வேண்டும். தண்டை ஒட்டிய ஈர மூடாக்கு அழுகலுக்கும் பூச்சிக்கும் இடம் தரும். ஆறு அல்லது எட்டு வாரங்களில் மூடாக்கு பாதியாக அமிழும். அப்போது மேலும் ஓர் அங்குலம் இட்டு நிரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டருகில் உள்ளதை ஒதுக்கி, கனத்தைக் குறைத்துவிடுதல் நல்லது.

நீர் பாய்ச்சுதலும் கண்காணிப்பும்

மூடாக்கு இட்ட பாத்திக்கு வழக்கப்படி நாள் எண்ணி நீர் பாய்ச்சினால், மிச்சமாக வேண்டிய நீர் மிச்சமாகாமல் கீழிறங்கிப்போகும். மூடாக்கை விலக்கி, 3 அங்குல ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையிற் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடி சற்றேனும் உருவாய் நின்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். உடனே உதிர்ந்தால் நீர் விட வேண்டும். நீர் விடும்போது சிறுகச் சிறுக விடுதலே மணலுக்குத் தக்கது. ஒரே முறையாய் மிகுதியாக விட்டாற் சத்துக்கள் வேருக்குக் கீழே சென்றுவிடும். அதே காரணத்தால் யூரியாவையும் ஒரே தடவையில் இடாமல் பல தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். வாரம் ஒருமுறை மூடாக்கைத் தூக்கிக் கரையான் மண்பூச்சு உள்ளதா என்று பார்த்து, கண்டவிடத்து அப்பகுதியை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

கரும்புத் தோகையைக் கொளுத்துவோரை அறிவுறுத்தி, வேண்டுவோர் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தல் கிராமத்திற்கு உபகாரமாகும். ஏரிகளில் ஆகாயத்தாமரையை அகற்றும் நாளை முன்னதாகத் தெரிவித்தால், விவசாயிகள் வண்டியுடன் வந்து கொண்டுபோவர். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று ஏரி வண்டல் எடுக்க விரும்புவோர்க்கு விண்ணப்ப விவரங்களைச் சொல்லி உதவ வேண்டும். மணலில் முதலில் வண்டலைக் கலந்து, அதன்மேல் மூடாக்கு இடுவது இரட்டிப்புப் பலன் தரும். வெள்ளத்தில் மணல் படிந்த வயல்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஒப்புப் பாத்தி

இவற்றைச் சொல்லளவில் நம்ப வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தம் தோட்டத்திலேயே ஒரே அளவுள்ள இரண்டு பாத்திகளை அடுத்தடுத்து வகுத்து, ஒரே நாற்றை ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு எருவிட்டு, ஒன்றை மட்டும் போர்த்தி, மற்றொன்றை வெறுமையாக விட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பாத்திக்கும் நீர் விட்ட தேதியையும், களையெடுத்த ஆட்கூலியையும், பறித்த காயின் நிறையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனித்தனியே குறித்துவர வேண்டும். மூடாக்கிற்கான வண்டிச் சத்தமும் கூலியும் செலவிற் சேர வேண்டும். வைகாசி முடிவில் இரண்டு கணக்குகளையும் கூட்டிப் பார்த்தால், அடுத்த ஆண்டு எத்தனை சென்ட் போர்த்துவது, அதற்கு எப்பொருள் கட்டுபடியாகும் என்பது அந்தந்தத் தோட்டத்திற்கே உரிய விடையாகத் தெரியவரும்.