உளுந்தின் செல்சுவரும் மேற்கோள் கணக்கும்

இட்லி மாவு பொங்காவிட்டால் முதல் பழி குளிரின் மேல் விழும்; அடுத்தது கிரைண்டர் மேல். கொஞ்சம் அறிவியல் படித்தவர்கள் ஈஸ்ட் போதவில்லை என்பார்கள். குளிரைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈஸ்ட் கதைதான் சரியில்லை. மாவைப் பொங்கவைக்கும் வாயுவை உண்டாக்குவதில் முதலிடம் லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் குழுவினர் 1965-லேயே எழுதிவிட்டார்கள்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் நிற்க வேண்டும். அரிசி மாவில் நிற்காது. ஆலங்குடிப் பக்கத்து வீடுகளில் உளுந்து அரைக்கும்போது கையை நனைத்து நனைத்து மாவைத் தள்ளிவிடுவார்கள். ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் விட்டு, அது மிதந்தால்தான் வழிப்பார்கள். மிதக்கவைப்பது அரைக்கும்போது உள்ளே சிறைப்பட்ட காற்று. சிறை வைப்பது யார்?

மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எஸ். சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் 1970-களில் இதைத்தான் துருவினார்கள். உளுந்தில் இருவர் கூட்டு வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு புரதம் நுரை கட்டுகிறது. அராபினோகேலக்டன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி, இட்லிப் பானையின் ஆவியிலும் அந்த நுரை உடையாமல் தாங்குகிறது. உளுந்து மாவின் வழவழப்பும் இதனால்தான். தாவரச் செல்சுவரைக் கட்டும் பொருள்களின் வகையறாவைச் சேர்ந்தது இது.

செல்சுவர் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் போட்ட பச்சைக் கட்டம் நினைவுக்கு வரும். அசையாத, செத்த மதில் என்றே பலர் நம்புகிறார்கள். அப்படி இருந்தால் எந்தச் செடியும் வளராது. சுவர் நெகிழ்ந்து கொடுத்தால்தான் செல் பெரிதாக முடியும். வெள்ளரி நாற்றின் தண்டை எடுத்து, வெப்பத்தால் அதன் புரதங்களைச் செயலிழக்கச் செய்து, வளரும் தண்டிலிருந்து பிரித்த புரதத்தை மேலே சேர்த்தபோது செத்த சுவர் மறுபடி நீண்டது. 1992-ல் டேனியல் காஸ்குரோவ் குழு கண்ட அந்தப் புரதங்களுக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர். வடகாட்டுப் பலா பழுக்கும்போது சுளை இளகுவதும் செல்சுவர் வேலைதான். நொதிகள் பெக்டின் போன்றவற்றை அரித்துத் தளர்த்துகின்றன.

இனி, இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளை எடைபோடும் மேற்கோள் கணக்கு. ஒரு கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள் என்பதே அது. எண்ணிக்கை கூடினால் ஆராய்ச்சி பெரிது என்பது கல்லூரி வளாகங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அதே மைசூர் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். பழம் பழுப்பது பற்றி பிரசன்னா, பிரபா, தரநாதன் மூவரும் 2007-ல் எழுதிய தொகுப்புரை உலகெங்கும் ஏராளமாக மேற்கோள் காட்டப்படுகிறது. உளுந்தின் அராபினோகேலக்டன் பற்றிய 1979 கட்டுரை அதன் அருகில்கூட வராது. முன்னது பிறர் கண்டவற்றைத் திரட்டியது. பின்னது சொந்தச் சோதனை. மாம்பழம், தக்காளி, வாழை என்று எதை ஆராய்பவரும் முன்னதைத் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. இட்லி மாவை ஆராய்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? எண்ணிக்கை பெரும்பாலும் அந்தத் துறையில் கூடியிருக்கும் கூட்டத்தின் அளவைத்தான் காட்டுகிறது.

2014-ல் நேச்சர் இதழ் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், புரதத்தை அளக்க ஒரு வழி சொன்ன லௌரியின் 1951 கட்டுரைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேலான மேற்கோள்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரைக்கு அந்த நூற்றில் இடமே இல்லை.

மேற்கோள் இல்லையென்றால் பயனில்லை என்பது இன்னும் மோசமான நம்பிக்கை. வம்பன் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 உளுந்தை 2016-ல் வெளியிட்டது. அதை விதைத்து, அறுத்து, அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கும் விவசாயி அடிக்குறிப்பா போடப் போகிறார்? அவருடைய வயல் எந்த அட்டவணையிலும் ஏறாது.

இதழின் தாக்கக் காரணியை ஆளின் தலையில் ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே அந்த எண். சராசரியைச் சில கட்டுரைகள் தூக்கி நிறுத்தும். மீதி அதன் நிழலில் நிற்கும். ஆளை அளக்க என்றே 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொண்டுவந்த எச்-குறியீட்டிலும் கோணல் உண்டு. ஒவ்வொன்றும் குறைந்தது இருபது மேற்கோள் பெற்ற இருபது கட்டுரைகள் இருந்தால் குறியீடு 20. மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் மேற்கோள் வாங்கியவருக்கு 3தான்.