குறைக்கத் தெரிந்தால் போதாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்டெல் ஐ7-8750ஹெச் போட்ட கேமிங் லேப்டாப்பில் வோல்டேஜை 150 மில்லிவோல்ட் இறக்கிவிட்டதாகவும், சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டியும் ஹேங் ஆகவில்லை என்றும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் அந்த லேப்டாப்பை இன்னும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடாதே.

ஒரே மாடல் பிராசசர் என்றாலும் எல்லாச் சிப்பும் ஒன்றுபோல் வருவதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே ஓடும்; இன்னொன்றுக்குக் கூடுதலாக வேண்டும். அவற்றில் மோசமான சிப்பும், கொதிக்கிற சூட்டிலும், வருடக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த பிறகும் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரன் எல்லாவற்றுக்கும் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறான். அந்தத் தாராளத்தில் ஒரு பங்கைத்தான் நாம் எடுக்கிறோம். மொத்தத்தையும் வழித்தெடுப்பது நம் வேலை அல்ல.

எடுப்பதில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 வோல்ட்டில் ஓடுவதை 1.0-க்குக் கொண்டுவந்தால் வோல்டேஜ் குறைவது 9 சதவீதம்தான். அதே வேகத்தில் மின்செலவோ ஏறத்தாழ 17 சதவீதம் குறையும். 8750ஹெச்சில் ஆறு கோர். ஆறும் சேர்ந்து 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம். ஆனால் 45 வாட் வரம்பும் 100 டிகிரி உச்சமும் அதை அங்கே நிற்க விடுவதில்லை. வோல்டேஜைக் குறைத்தால் அதே 45 வாட்டுக்குள் கூடுதல் வேகம் கிடைக்கும், சூடும் குறையும். இந்த இரண்டு வரம்பையும் தொடாமல் எக்செல்லும் பிரவுசரும் மட்டும் ஓட்டுபவருக்கு வேகம் ஏறாது. ஏறும் என்று சொல்லி அவரிடம் காசு வாங்காதே.

அதற்கும் முன்னால் பின்மூடியைக் கழற்று. ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தால், தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தால், முதல் வைத்தியம் அங்கேதான். அதைச் செய்தபின் எவ்வளவு சூடு மிச்சம் என்று பார்த்துவிட்டு வோல்டேஜில் கை வை.

வோல்டேஜை மாற்றும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் கோர், கேஷ் இரண்டையும் சேர்த்தே இறக்கு. ஒன்றை மட்டும் இறக்கினால் பலன் தெரியாது. மைனஸ் 50-இல் தொடங்கி, பத்துப் பத்தாகப் போ. சோதித்து முடிக்கும்வரை விண்டோஸோடு தானாகத் தொடங்கும்படி வைக்காதே. மெஷின் விழுந்தாலும் ஆஃப் பண்ணிப் போட்டால் பழைய வோல்டேஜுக்கே திரும்பிவிடும்; ஒவ்வொரு முறையும் அதே குறைப்பைத் தானாக ஏற்றினால் அந்த வசதி போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். ஹேங் ஆனால் நல்லது, ப்ளூ ஸ்க்ரீன் வந்தாலும் நல்லது. எல்லை எங்கே என்று தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது, விழாமல் நின்றுகொண்டே தப்புக் கணக்குப் போடும் சிப்பைப் பார்த்துத்தான். பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பெயரில் காட்டியது அதைத்தான். நாம் பயன்படுத்தும் அதே வழியில் இன்டெல் சிப்பின் வோல்டேஜைக் குறிபார்த்து இறக்கினார்கள். சிஸ்டம் விழவில்லை, பெருக்கல் தப்பாக வந்தது. அந்த மாதிரித் தப்புகளை வைத்தே, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்த ரகசியச் சாவியை வெளியே எடுத்தார்கள். உன் வாடிக்கையாளரின் சாவியைத் திருட யாரும் வரப்போவதில்லை. ஆனால் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. வீடியோ எடிட் செய்பவரின் ஃபைல் கெட்டுப்போனால், அது உன் 150-ஆல் கெட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் சினிபெஞ்ச்சை மட்டும் நம்பாதே. ஆறு கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது வாட் வரம்பு வேகத்தைக் கீழே இழுத்துவிடும். 4.1 கிகாஹெர்ட்ஸ் என்ற உச்ச டர்போ அங்கே சோதனைக்கே வராது. அது வருவது ஒரே கோரில் சின்ன வேலை நடக்கும்போது: பிரவுசரைத் திறக்கும் நொடி, ஸ்லீப்பிலிருந்து எழும் நொடி. ஸ்லீப்பில் போட்டு எழுப்பு, சார்ஜரைப் பிடுங்கிச் செருகு, ஒரு கோர் சுமையில் ஓட்டு, சும்மா விட்டும் வை. பிரைம்95-ஐயும் ஓட்டு, தான் போடும் கணக்கைத் தானே சரிபார்க்கும்.

பிறகு ஈவென்ட் வியூவரைத் திற. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில், எண் 19 போட்டு, மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி இருக்கிறதா பார். வன்பொருளில் பிழை வந்தது, திருத்தப்பட்டது என்பது அதன் பொருள். கீழே இன்டர்னல் பாரிட்டி எரர் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், நீ எல்லையைத் தாண்டிவிட்டாய். ஹேங்கே ஆகாத மெஷினிலும் இந்த வரி இருக்கலாம். அது வராத இடம்வரை மேலே வா; அங்கிருந்தும் இன்னும் 20, 25 மில்லிவோல்ட் மேலே வந்து நிறுத்து. சிப் தேயத் தேய அதற்கு வோல்டேஜ் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்த இடைவெளி வரப்போகிற வருடங்களுக்கானது.

பிளண்டர்வோல்ட்டுக்குப் பிறகு பயாஸ் அப்டேட்டுகளில் வோல்டேஜ் குறைக்கும் வசதியைப் பூட்டிவிட்டார்கள். பிறகு வந்த பல லேப்டாப்கள் பூட்டியே வருகின்றன. பூட்டைத் திறக்கப் பழைய பயாஸை ஏற்றுவதோ, விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பதோ பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் காரியம். உன் சொந்த மெஷினில் செய்துகொள். அடுத்தவர் மெஷினில் அவரைக் கேட்காமல் செய்யாதே. பூட்டிய மெஷினிலும் டர்போவைக் கொஞ்சம் இறக்கினாலோ வாட் வரம்பைக் குறைத்தாலோ சூடு அடங்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் கணக்குத் தப்பாது.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடு. எவ்வளவு குறைத்திருக்கிறாய், பழையபடி மாற்றுவது எப்படி, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் முதலில் எதை அணைப்பது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். கீழே உன் போன் நம்பரை எழுது. அவர் கூப்பிட்டால் எடு.

அன்புடன்,
உன் அண்ணன்