நம் அடக்கத்துக்கு நாமே ஆயத்தம் செய்வோம்

வேதபாடம்: ஆதியாகமம் 23, 49:29–33, மத்தேயு 27:57–60



பிள்ளையின் கலியாணத்துக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போடுகிறோம். படிப்புக்குச் சீட்டுக் கட்டுகிறோம். ஒருவருக்கும் தப்பாமல் வரப்போகிற ஒரு நாளுக்கு மட்டும் கணக்கும் இல்லை, பேச்சும் இல்லை. வயதானவர் யாராவது அதைப்பற்றி வாய் திறந்தால், "அபசகுனமாய்ப் பேசாதீர்கள்" என்று அடக்கிவிடுகிறோம். இந்த மாத வேதபாடம் அந்தப் பேச்சைத் தொடங்குவதற்காகவே.

குடிகாடு வட்டாரத்தில் சாவு வீட்டுச் செலவு எப்படி ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். குளிர்பெட்டி வாடகை, பந்தல், நாற்காலி, சவப்பெட்டி, மாலை, வண்டி, குழி வெட்டுகிறவர்களின் கூலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. பிறகு மூன்றாம் நாள் ஜெபம், நாற்பதாம் நாள் ஜெபம், சுவரொட்டி, கல்லறை கட்டுதல். அந்த நேரத்தில் எதற்கும் பேரம் பேச வாய் வராது. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் கையிலும், உப்பனாற்றில் வலை வீசுகிறவர் கையிலும் அவ்வளவு ரொக்கம் இருப்பதில்லை. தோடு அடகுக்குப் போகிறது. இல்லையென்றால் வட்டிக்கு வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 40,000 ரூபாய் வாங்கினால், மாதம் 2,000, வருஷத்துக்கு 24,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசல் அப்படியே நிற்கும். இறந்தவர் இளைப்பாறுகிறார், இருப்பவர் வட்டி கட்டுகிறார்.

1. ஆபிரகாம் விலை கொடுத்தார்

சாராள் மரித்தபோது ஆபிரகாம் அழுதார். பின்பு எழுந்து காரியத்தைப் பார்த்தார். எப்பெரோன் நிலத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னபோதும் அவர் அதை ஏற்கவில்லை. ஊர் வாசலில், எல்லாருடைய கண்முன்னும் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். வயல், அதிலுள்ள குகை, சுற்றிலுமிருந்த மரங்கள் எல்லாம் அவர் பெயருக்கு உறுதியாயின. அவரும், பின்பு ஈசாக்கும் ரெபெக்காளும், லேயாளும் யாக்கோபும் அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டார்கள். ஒருவர் ஒழுங்காகச் செய்த ஏற்பாடு மூன்று தலைமுறைக்கு உதவிற்று.

2. யாக்கோபு சொல்லிவைத்தார்

யாக்கோபு எகிப்தில் மரித்தார். தம்மை எங்கே அடக்கம்பண்ண வேண்டும், அந்த நிலத்தை யார் யாரிடத்தில் வாங்கினார், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் குமாரர் அனைவரையும் கூட்டி வைத்துச் சொன்னார். ஒரு மகனிடம் மாத்திரம் காதோடு காதாகச் சொல்லியிருந்தால் மற்றவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

3. அரிமத்தியா யோசேப்பு முன்கூட்டியே வெட்டிவைத்தார்

நம்முடைய ஆண்டவர் வைக்கப்பட்ட கல்லறை, யோசேப்பு தமக்கென்று கன்மலையில் வெட்டியிருந்தது. உயிரோடிருக்கையில் கல்லறைக்கு ஏற்பாடு செய்தவரை வேதம் அவிசுவாசி என்று சொல்லவில்லை. இயேசுவின் சீஷர் என்றே சொல்லுகிறது.

நாம் செய்யவேண்டியவை

இடம்: முதலில் இதை நிச்சயித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி 2018 ஆகஸ்டு 7-ல் காலமானபோது, மெரினாவில் இடம் கேட்டு இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் கூடவேண்டியிருந்தது. 2025 ஜனவரி 7-ல் சத்தீஸ்கரில் ஒரு போதகர் மரித்தார். சொந்தக் கிராமத்தில் அவரை அடக்கம்பண்ண எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணும்படி ஜனவரி 27-ல் உத்தரவாகும்வரை உடல் பிணவறையிலேயே இருந்தது. அந்தக் குடும்பத்தின்மேல் குற்றமில்லை. ஆனாலும் இடத்தைப்பற்றிய கேள்வி எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை இவை காட்டுகின்றன.

"சொந்தக் கொல்லையில் புதைத்துவிட்டால் போயிற்று" என்பாரும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் கிராம ஊராட்சி விதிகளின்படி, அனுமதி பெற்ற இடுகாட்டுக்கு வெளியே அப்படிச் செய்யக்கூடாது. குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் இடுகாடு அமையவும் கூடாது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதை உறுதிப்படுத்திற்று. ஆகவே உங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தின் ஒழுங்கு என்ன, சந்தா பாக்கி உண்டா, குடும்பக் கல்லறையை மறுபடி திறக்க இடமுண்டா என்று போதகரிடம் இப்போதே கேளுங்கள்.

பணம்: அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 500 ரூபாய் போட்டால் 5 வருஷத்தில் அசல் மட்டும் 30,000 ரூபாய். ஒருவர் பெயரில் மட்டும் பணம் இருந்தால், வாரிசாகக் குறிக்கப்பட்டவர்கூட இறப்புச் சான்றிதழைக் காட்டிய பிறகே அதை வாங்கமுடியும். ஆகவே நம்பிக்கையான ஒருவரோடு கூட்டுக் கணக்கு வைப்பது நல்லது. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யக் கட்டணமில்லை என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

உயில்: முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் தேவை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் கிறிஸ்தவர் ஒருவர் எழுதிவைக்கும் சொத்து செல்லாது. நியாயமான அடக்கச் செலவை மற்றக் கடன்களுக்கு முன்பாக இறந்தவரின் சொத்திலிருந்து கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் உயிலை அநேகமாய் அடக்கம் முடிந்த பிறகே பிரிக்கிறார்கள். ஆகையால் அடக்கத்தைப்பற்றிய விருப்பங்களைத் தனித்தாளில் எழுதி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்.

கண்ணும் உடலும்: ஆறு மணி நேரத்துக்குள் கண்களைத் தானம் செய்யலாம், அதன்பின் வழக்கம்போல அடக்கமும் செய்யலாம். முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் முன்பே விசாரித்துப் பதிவு செய்து, குடும்பத்தின் சம்மதத்தையும் பெறவேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்தாலோ, தொற்றுநோய் இருந்தாலோ கல்லூரி ஏற்காது. ஆகவே அவர்களுக்கும் ஒரு கல்லறை ஏற்பாடு இருக்கட்டும்.

வேண்டாதவை: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. வாழ்ந்த காலமெல்லாம் சிக்கனமாயிருந்த தகப்பனை ஆடம்பரமாய் அடக்கம்பண்ணுகிற பிள்ளைகளை நாங்கள் மருத்துவமனை ஊழியத்தில் அடிக்கடி காண்கிறோம். பிள்ளைகள் கெட்டவர்களல்ல. 'அப்பாவுக்கு இவ்வளவுதானா?' என்று ஊர் கேட்குமே என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அண்டை வீட்டாரும் நீக்க முடியாது. போதகரும் நீக்க முடியாது. "பெட்டி சாதாரணமாயிருக்கட்டும், ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம், கல் கட்டவேண்டாம், மரச்சிலுவை போதும், கடன் வாங்கவே வேண்டாம்" என்று அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தால், மகன் அதை ஊருக்குக் காட்டலாம். எளிமைக்கு அனுமதி கொடுக்க நம் ஒருவரால்தான் முடியும். அதுவும் உயிரோடிருக்கும்போது மட்டுமே முடியும்.

குடும்ப ஜெபத்தில் பேசிக்கொள்ள

1. நாளைக்கே நம் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், முதல் நாள் செலவுக்குப் பணம் எங்கே இருக்கிறது? அதை யார் எடுக்கமுடியும்?

2. நம்மில் ஒவ்வொருவருக்கும் எந்த இடம்? அது எல்லாருக்கும் தெரியுமா?

3. நமக்குச் செய்யவேண்டாம் என்று நினைப்பவை எவை?

மருத்துவமனைக்கு ஏதாவது எழுதிவையுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாம் அந்த நாளைப்பற்றிப் பயமின்றிப் பேசலாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.