குப்பி விளக்கைச் சுற்றி



பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை முதல் மாதத்திலேயே கேள்விப்படும் சொல் ‘குப்பி’. ஒரு பாடத்தை நன்றாக விளங்கிக்கொண்ட மாணவர், விளங்காத சக மாணவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர்களும் சிங்கள மாணவர்களும் இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். இதற்குக் கட்டணமும் கிடையாது, வரவு இடாப்பும் கிடையாது.

முதலாம் வருடத்தில் நான் எந்தக் குப்பிக்கும் போகவில்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று பாடசாலையில் பெயர் வாங்கியவள் நான். பத்துப் பேருக்கு முன்னால் “எனக்கு விளங்கவில்லை” என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆங்கில மொழியில் நடந்த விரிவுரைகளின் குறிப்புகளை விடுதி அறையில் தனியே வைத்துக்கொண்டு மனனம் செய்தேன். புள்ளிவிபரவியலில் தவறினேன்.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா ஏசவில்லை. “சரிவராட்டி விட்டுட்டு வாங்க மகள்” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மீண்டும் பரீட்சை எழுத இரண்டு மாதம் இருந்தது. என்னைப் போலவே தவறிய தோழி ஒருத்தியின் வீடு சாம்பல்தீவில். அவளுடைய அயலில் எங்களுக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு நாள் தோழி வீட்டு விறாந்தையில் கூடுவதென்று முடிவானது. கூடிப் படிப்பது என்றால் கூடிக் கதைப்பது என்பது வாப்பாவின் எண்ணம். அதனால் முதல் நாள் அவரே நிலாவெளி பஸ்ஸில் என்னோடு வந்து, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று எடுத்தது நியம விலகல். விலகல்களை ஏன் வர்க்கிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அக்காவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு கணக்குத் தந்தார். ஒருவர் ஐந்து நாளில் 2, 4, 6, 8, 10 கிலோ மீன் பிடிக்கிறார். இடை எவ்வளவு? ஆறு. ஒவ்வொரு நாளும் ஆறிலிருந்து எவ்வளவு விலகுகிறது? -4, -2, 0, 2, 4. “இப்ப இதெல்லாத்தையும் கூட்டிப் பாருங்க” என்றார். கூட்டினால் பூச்சியம்! நாளுக்கு நாள் இவ்வளவு ஏறி இறங்கியும் விலகலே இல்லை என்று விடை வருகிறது. “அப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டு அக்கா பேசாமல் இருந்தார். சற்று நேரம் கழித்து என் தோழிதான் சொன்னாள்: “சய அடையாளத்தை இல்லாமல் ஆக்கவேணும். வர்க்கித்தால் எல்லாம் நேராகிவிடும்.” வர்க்கங்களின் கூட்டுத்தொகை 40, ஐந்தால் வகுத்தால் 8, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.83. ஒரு வருடமாக மனனம் செய்த சூத்திரம் அன்றுதான் எனக்குச் சொந்தமானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாப்பா கேட்டார்: “அந்தப் புள்ள விடையச் சொல்லவே இல்லையே, கேள்விதானே கேட்டுக்கொண்டிருந்தா?”

வாப்பா கண்டுகொண்ட அதே விடயத்தை உலகம் ஒரு முறையாகவே வைத்திருக்கிறது என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். அமெரிக்காவின் மிசூரி - கன்சாஸ் சிற்றிப் பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு டீன்னா மார்ட்டின் என்ற பெண்மணி இதைத் தொடங்கினார். முன்பு அப்பாடத்தில் நன்கு சித்தியடைந்த மாணவர் ஒருவர், அதே விரிவுரைகளில் மீண்டும் போய் அமர்வார். பிறகு வாரந்தோறும் மற்றவர்களைக் கூட்டிப் படிக்க வைப்பார். அவர் இன்னொரு விரிவுரை நடத்துவதில்லை. வருகிற கேள்வியைக் குழுவுக்கே திருப்பி விடுவார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே ‘பலவீனமான மாணவர்’ என்று யாரையும் பிரித்தெடுப்பதில்லை. நூற்றுக்கு முப்பது பேர் அளவில் தவறுகிற அல்லது இடைநடுவில் விட்டுவிடுகிற பாடத்தைக் ‘கடினமான பாடம்’ என்று குறித்து, அதைப் படிக்கும் எல்லோரையும் அழைக்கிறார்கள். குறை பாடத்தின் பெயரில் எழுதப்படுவதால் பிள்ளைக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

1970களின் பிற்பகுதியில் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியரும் இதை ஆராய்ந்தார். நுண்கணிதத்தில் தவறிய கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளாக இருக்கவில்லை. பலர் மணிக்கணக்காகப் படித்தார்கள், ஆனால் தனியே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ கூடியிருந்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். என் விடுதி அறை எனக்கு ஞாபகம் வந்தது.

நமக்கு இது புதிதல்ல. மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் கூடியிருந்து கற்ற திண்ணைத் தோழர்களை நாம் அறிவோம். அரபுக் கல்லூரி மாணவர்கள் இன்றும் பாடத்தைக் கூடியிருந்து மீட்டுகிறார்கள்.

தங்கைகளே, உயர்தர வகுப்பிலேயே இதைத் தொடங்கலாம். நான்கைந்து பேர் போதும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு கூடுவதில் பயனில்லை. வாரத்தில் ஒரு நாளை நிச்சயித்துக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். நடத்துபவர் உடனே விடை சொல்லக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தில், அன்று மிகக் குறைவாகப் பேசியவர் பாடத்தைச் சுருக்கிச் சொல்லட்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போகக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் என் வாப்பாவைப் போல ஒருநாள் கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள். இயலுமானால் உங்கள் விறாந்தையையே கொடுங்கள்.

இரண்டாம் முறை, அல்ஹம்துலில்லாஹ், சித்தியடைந்தேன். பெரிய புள்ளி ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வருடத்தில் முதலாம் வருடத் தங்கைகளுக்கு அதே பாடத்தில் குப்பி வைத்தவள் நான்தான். முதல் நாள், “நான் இந்தப் பாடத்தில் தவறியவள்” என்று சொல்லித்தான் தொடங்கினேன். அதன் பிறகு கேள்வி கேட்க ஒருவரும் வெட்கப்படவில்லை.