மீதமான குழம்பு: பாதுகாப்பும் பழுதின் அறிகுறிகளும்

மீன்குழம்பு மறுநாள்தான் சுவைக்கும் என்பது தமிழ் இல்லங்களில் நெடுங்கால நம்பிக்கை. இரவில் சட்டியை அடுப்பிலேயே மூடிவைத்துக் காலையில் சூடாக்கி உண்ணும் வழக்கமும் அதனோடு சேர்ந்தது. புளி நுண்ணுயிர்ப் பெருக்கத்தை ஓரளவு தாமதப்படுத்தும். எனினும் அதை நம்பிக் குழம்பை வெளியே வைத்தல் ஆகாது. இறைச்சிக் கறிக்கும் தேங்காய்ப்பாற் சொதிக்கும் அக்காவலும் இல்லை.

ஆபத்து எங்கே?

4 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பக்டீரியா விரைந்து பெருகும். சிலவற்றின் வித்திகள் கொதிநிலையிலும் அழிவதில்லை. அந்தியேட்டி, பிறந்தநாள் முதலிய நிகழ்வுகளுக்குப் பெருஞ்சட்டியில் சமைத்த ஆட்டுக்கறி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. சில பக்டீரியா உண்டாக்கும் நச்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் நீங்காது.

குளிர்காலத்தில் ரூஜ் பகுதி வீடுகளிற் சட்டியைப் பல்கணியிலோ வாகனக் கொட்டகையிலோ வைப்பதும் பாதுகாப்பன்று. வெயில் பட்டால் வெப்பம் 4 பாகையைக் கடக்கலாம். ரக்கூன்களும் நாடி வரும்.

சேமிக்கும் முறை

• சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.
• ஆழமற்ற சிறு பாத்திரங்களிற் பிரித்து வைத்தால் விரைவில் ஆறும்.
• பெட்டியின் வெப்பநிலை 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருத்தல் வேண்டும்.
• 3 நாட்களுக்குள் உண்ணவும். மேலும் வைப்பதாயின், முதல் நாளே நாளைக் குறித்து, மைனஸ் 18 பாகையில் உறையவைக்கவும்.
• உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நன்கு கொதிக்கும்வரை சூடாக்கவும்.

பழுதானதை அறிதல்

புளித்த வாடை, நுரை, நூல்போல் இழுபடும் வழுவழுப்பு, பூஞ்சணம் ஆகியவை பழுதின் அறிகுறிகள். பூஞ்சணத்தை அகற்றிவிட்டு மீதியை உண்ணலாகாது. ஆனால் நோய்தரும் பக்டீரியா பெரும்பாலும் நிறத்தையோ மணத்தையோ மாற்றுவதில்லை. ஆகவே, குழம்பு வெளியே இருந்த நேரமே முதன்மையான அளவுகோல். இரவு முழுவதும் அடுப்பில் இருந்ததை, மணம் நன்றாயினும், சுவைத்துப் பார்க்காமலே அகற்றவும்.

பழுதானதைப் பச்சைத் தொட்டியில் இடவும். எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கழுவுதொட்டியில் ஊற்றினாற் குழாய் அடைபடும். கழிவகற்றல் பற்றிய விவரங்களுக்கு 311ஐ அழைக்கவும்.

உண்டபின் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் ஏற்படின், 811ஐ அழைத்துத் தாதியரிடம் ஆலோசனை பெறலாம். முதியோர், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் ஆகியோர் விடயத்தில் தாமதித்தல் கூடாது.